காத்தாயி சொன்ன ‘தெரியாது’

பாபநாசம் மேலத்தெருவில் காத்தாயிக்குத் தெரியாமல் ஒரு பூனைகூடக் குட்டி போட்டதில்லை. கீரைக்கூடையைத் தலையில் ஏற்றிக்கொண்டு காலை ஆறரைக்குக் கிளம்பினால், பத்து மணிக்குள் நான்கு தெருவுக்கும் கீரை போய்ச் சேரும். ஒரு தெருச் சேதி மற்ற மூன்று தெருவுக்கும் போய்ச் சேரும். கீரையாவது சில நாள் வாடியிருக்கும். சேதி வாடி யாரும் பார்த்ததில்லை.

அப்படிப்பட்டவளைத்தான் ராஜாத்தி தன் சங்கத்தில் சேர்த்துக்கொண்டாள். ஊர் சிரித்தது. குடமுருட்டிப் பெண்கள் நலச் சங்கம் என்பது ஏழு பெண்களும் ஒரு இரும்புப் பீரோவும். ஏழு பேருக்கும் எச்.ஐ.வி. உண்டு. புருஷன்மார்கள் லாரியிலும் திருப்பூரிலும் துபாயிலும் ஓடிச் சம்பாதித்ததில் கரைந்தது போக வீட்டுக்கு வந்து சேர்ந்த மிச்சம் அது. ஒருத்திக்கு ஒருத்தி ஆஸ்பத்திரித் துணை என்றுதான் ராஜாத்தி ஆரம்பித்தாள். ஆனால் எச்.ஐ.வி. இருக்கும் உடம்பில் காசநோய் சொல்லாமல் வந்து குடியேறும். ஏழில் இரண்டு பேரை அது படுக்கையில் போட்டது. அதனால் ஊரில் இருமுகிறவர்களைத் தேடிப்பிடித்துச் சோதனைக்கு அனுப்பும் வேலையையும் சங்கம் எடுத்துக்கொண்டது. எந்த வீட்டில் யார் எத்தனை நாளாக இருமுகிறார்கள் என்று வாசலில் நின்றே சொல்லக்கூடிய ஆள் ஊரில் ஒருத்திதான். நோய் இல்லாமல் அந்தச் சங்கத்தில் சேர்ந்த ஒரே பெண் காத்தாயி. “அவளுக்கு வாயே ஒரு வியாதிதானே, சேரட்டும்” என்றாள் பள்ளிவாசல் தெரு ஷமா. ஷமாவும் அந்த வகையில் லேசுப்பட்டவள் இல்லை. ஆனால் கூடை இல்லாததால் அவள் வியாபாரம் ஒரு தெருவைத் தாண்டவில்லை.

காத்தாயி முதலில் பிடித்துக் கொடுத்தது வீரையனை. அறுப்பு மிஷின் வந்தபிறகு வயல்வேலை போய், நூறு நாள் வேலையில் வாய்க்கால் வெட்டிக்கொண்டு இருமிக்கொண்டிருந்தவன். காசநோய் மாத்திரையை வாரத்தில் மூன்று நாள், கொடுப்பவர் கண் முன்னால் விழுங்க வேண்டும். காத்தாயி வாய்க்கால் கரைக்கே போய், ஐம்பது பேர் நடுவில், “ஏ வீரையா, வாயத் தொற. சளியில காசநோய்ப் பூச்சி நெளியுது, மம்பட்டியப் புடிச்சுக்கிட்டு என்ன படம் காட்டுற” என்று கத்தி விழுங்க வைத்தாள். ஆறு மாதத்தில் வீரையன் தேறிவிட்டான். ஊரும், “சளிதான? காத்தாயி பாத்துக்குவா” என்று வேறு சோலி பார்க்கப் போய்விட்டது.

இதைக் கேட்டதும் எழில்மொழிக்குத் தலை சுற்றியது.

எழில்மொழி சென்னையிலிருந்து வருகிறவள். சின்னச் சங்கங்களைக் கைதூக்கிவிடுவதற்கென்று ஒரு நிறுவனம் இருந்தது. அதன் சார்பில் ஒரு வருஷத்துக்கு இந்தச் சங்கத்துக்கு வழிகாட்டி. மாதத்தின் இரண்டாவது செவ்வாய்க்கிழமை சார்ட் பேப்பரைச் சுருட்டி அக்குளில் இடுக்கிக்கொண்டு பஸ்ஸிலிருந்து இறங்குவாள். வயது இருபத்தெட்டு. பெரிய இடத்துப் பெண் என்று ஆரம்பத்தில் எல்லோரும் எழுந்து நின்றார்கள். அப்பா பூதலூர்க்காரர், களத்தில் நெல் தூற்றிப் படிக்க வைத்தவர் என்பதைக் காத்தாயி ஒரே டீயில் கறந்துவிட்டாள். அதற்குப் பிறகு யாரும் எழுந்திருக்கவில்லை. எழில்மொழிக்கும் அதுதான் நிம்மதியாக இருந்தது.

“அக்கா, ஒருத்தருக்கு என்ன வியாதின்னு இன்னொருத்தர்கிட்ட நாம சொல்லவே கூடாது. அம்பது பேர் முன்னாடி கத்துறது…”

“கத்துனதாலதான கண்ணு முழுங்குனான்?”

“முழுங்குனாரு. சரி. இதே ராஜாத்தியக்காவுக்கு என்னன்னு நீங்க கத்துவீங்களா?”

காத்தாயி ராஜாத்தியைப் பார்த்தாள். ராஜாத்தி சார்ட் பேப்பரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அந்த ஐப்பசியில் தஞ்சாவூரில் மூன்று நாள் பயிற்சி. மதியம் பிரிஞ்சி, சாயங்காலம் சமோசா, ஆளுக்கு ஒரு நீலப் பை. முதல் நாள் எழில்மொழி எல்லோருக்கும் ஒரு துண்டுச் சீட்டைக் கொடுத்து, “ஒங்க மனசுல இருக்கற ஒரு ரகசியத்த எழுதி மடிச்சு, பக்கத்துல இருக்கறவங்ககிட்ட குடுங்க. மூணாம் நாள் பிரிக்காம திருப்பிக் குடுக்கணும்” என்றாள். காத்தாயியிடம் வந்தது ராஜாத்தியின் சீட்டு. ஜாக்கெட்டுக்குள் வைத்துக்கொண்டாள். அது அங்கே இருந்து நெருஞ்சிமுள்ளாகக் குத்தியது. பிரிஞ்சி இறங்கவில்லை. இரண்டு தடவை குளியலறைக்குப் போய்க் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு அப்படியே திரும்பி வந்தாள். மூன்றாம் நாள் வியர்வையில் நமுத்துப் போன சீட்டை, மடிப்புக் கலையாமல் ராஜாத்தியின் உள்ளங்கையில் வைத்தபோது, பிள்ளை பெற்றவள் மாதிரி மூச்சு விட்டாள். யாரைப் பற்றியும் எதையும் வெளியில் சொல்லமாட்டேன் என்ற படிவத்தில் அன்றைக்குத்தான் கையெழுத்துப் போட்டாள். எழுத்துக்கூட்டிப் போட்ட கையெழுத்து. ஆகவே அழுத்தமாகப் போட்டாள்.

அந்த வாரமே ஜாபிர் திரும்பி வந்தான்.

பள்ளிவாசல் தெரு ஷம்சாத்தின் ஒரே மகன். துபாய்க்குப் போய் நாற்பதே நாள். அங்கே எடுத்த மெடிக்கலில் ‘அன்ஃபிட்’ என்று முத்திரை குத்தி அடுத்த விமானத்தில் ஏற்றிவிட்டார்கள். ஏன் அன்ஃபிட் என்று அங்கே யாரும் உட்காரவைத்துச் சொல்லவில்லை. தை மாதத்துக்கு ராஜகிரிப் பெண் ஆயிஷாவோடு நிக்காஹ் பேசியிருந்தது. காத்தாயி ஷம்சாத் வீட்டு வாசலில் அரைக்கீரையை இறக்கும்போதே உள்ளேயிருந்து வந்த இருமலைக் கேட்டாள். தொண்டை இருமல் இல்லை, அடி நெஞ்சு. மறுநாளே அவனைச் சோதனைக்கு அழைத்துப் போனாள். சளியில் காசநோய் இருந்தது. நம்பிக்கை மையத்தில் எடுத்த எச்.ஐ.வி. சோதனையில் ஒன்றும் இல்லை. இரண்டு சீட்டையும் ஜாபிர் மடித்து பர்ஸில் வைத்துக்கொண்டான். அவன் பெயர் எழுதிய மாத்திரைப் பெட்டி காத்தாயியின் டிரங்குக்குள் போனது.

டிரங்கில் ஏற்கெனவே ஒரு பெட்டி இருந்தது. அந்தப் பெட்டிக்காரிக்கு இரண்டு வியாதியும் உண்டு. அவள் யார் என்று மட்டும் கேட்கக் கூடாது.

திங்கள், புதன், வெள்ளி, பகல் பன்னிரண்டு மணி. நீலப் பையை மாட்டிக்கொண்டு காத்தாயி ஷம்சாத் வீட்டுக்குள் போவாள். பத்து நிமிடத்தில் வெளியே வருவாள். ஏழு மாத்திரை. ஜாபிர் ஒவ்வொன்றாக விழுங்கி வாயைத் திறந்து காட்டுவான். “இப்பவே பாதி இருமல் கொறஞ்சிருக்கு தம்பி, மாத்திரைய மட்டும் விட்டுப்புடாத. விட்டு விட்டுத் தின்னா அப்பறம் எந்த மருந்துக்கும் அது மசியாது. ஆளத் தின்னுப்புட்டுத்தான் போவும்” என்பாள். அவளால் அந்த வீட்டுக்குள் மட்டும்தான் பேச முடிந்தது.

இரண்டாவது வாரம் தெருக்குழாயில் ஷமா பிடித்துக்கொண்டாள்.

“என்னா காத்தாயி, கூட இல்லாம பையோட போற வர்ற. ஷம்சாத் வூட்ல என்ன சோலி?”

“தெரியாது.”

 காத்தாயி வாயிலிருந்து அந்த வார்த்தையை இதற்கு முன்னால் யாரும் கேட்டதில்லை. பஞ்சாயத்துத் தலைவர் வீட்டுத் தகராறில், போலீஸ் வந்து நின்றபோதுகூட அவள் சொல்லாத வார்த்தை.

“ஒனக்கா தெரியாது? ஜாபிருக்கு ஒடம்புக்கு என்ன?”

“தெரியாதுங்கிறேன்ல.”

ஷமா லேசாக இருமிக்கொண்டே குடத்தைத் தூக்கிக்கொண்டு போனாள். கணக்கு ரொம்பச் சுலபம். வெறும் காசநோய்ச் சளியாக இருந்தால் காத்தாயி சொல்லியிருப்பாள். வீரையனுக்கு ஊரைக் கூட்டிச் சொன்னவள்தானே. அவளே வாயை மூடிக்கொண்டாள் என்றால்? அதுவும் ராஜாத்தி சங்கத்துப் பையை மாட்டிக்கொண்டு போகிறாள் என்றால்? அதுவும் துபாய்க்குப் போய்த் திரும்பினவன் என்றால்? சாயங்கால அசர் தொழுகைக்கு பாங்கு சொல்லும் முன்பே ஜாபிருக்குப் ‘பெரிய வியாதி’ என்று நான்கு தெருவும் முடிவு செய்துவிட்டது. கீரைக்கூடை உதவாமல் ஒரு சேதி நான்கு தெருவையும் சுற்றியது அதுதான் முதல் தடவை.

கார்த்திகையில் ஜாபிரின் சித்தப்பா மகனுக்குக் கல்யாணம். பந்தியில் சஹன் சாப்பாடு. பெரிய தட்டில் பிரியாணியை வைத்து நாலு பேர் சுற்றி உட்கார்ந்து ஒரே தட்டில் சாப்பிடுவார்கள். ஜாபிர் ஒரு சஹனில் போய் உட்கார்ந்தான். பக்கத்தில் உட்கார வந்த ஒருவர் யாரோ கூப்பிட்டது போல் எழுந்து போனார். எதிரில் உட்கார்ந்திருந்த இரண்டு பேர் கை கழுவ மறந்துவிட்டோம் என்று போய், கையைக் கழுவிக்கொண்டு வேறு சஹனில் உட்கார்ந்தார்கள். நாலு பேர் சோறு ஒருவன் முன்னால் ஆவி பறந்துகொண்டிருந்தது. அவன் ஒரு வாய் எடுத்து வைத்தான் என்கிறார்கள், எடுக்கவே இல்லை என்றும் சொல்கிறார்கள். எழுந்து வெளியே போனவன் வீட்டுக்குப் போகவில்லை.

திங்கட்கிழமை காத்தாயி போனபோது ஷம்சாத் கதவைப் பாதிதான் திறந்தாள்.

“அவன் இங்க இல்ல. மாயவரத்துல அக்கா வூட்டுக்குப் போயிட்டான். ஒன் மாத்திரையும் வாணாம், ஒன் கீரையும் வாணாம்.”

“அம்மா, நான் ஒரு வார்த்தை யார்கிட்டயும் சொல்லலம்மா. சத்தியமா.”

“அதான்டி. சொல்லித் தொலச்சிருக்கலாம்ல நீ.”

புதன் போனது. வெள்ளி போனது. காத்தாயிக்கு ஒரு இடத்தில் உட்கார முடியவில்லை. கீரை ஆய்ந்தால் தண்டைப் பாத்திரத்தில் போட்டு இலையைக் குப்பையில் கொட்டினாள். டிரங்கைத் திறந்து ஜாபிர் பெட்டியில் பிரிக்காத அட்டைகளைத் தொட்டுப் பார்ப்பாள், மூடுவாள், கொஞ்ச நேரத்தில் மறுபடி திறப்பாள். இதற்கிடையில் ஆயிஷாவின் தாய்மாமா மீரா உசேன் ராஜகிரியிலிருந்து மோட்டார் சைக்கிளில் அவள் வீட்டு வாசலுக்கே வந்துவிட்டார்.

“நீ ஒரு வார்த்தை சொன்னாப் போதும்மா. எங்க பொண்ணு வாழ்க்கை. உண்டா, இல்லையா?”

உண்டு என்றால் பொய். ‘இல்லை’ என்றால் போட்ட கையெழுத்து பொய்யாகும். காத்தாயி முந்தானையை வாயில் வைத்துக் கடித்துக்கொண்டாள். மீரா உசேன் அதைப் பார்த்தார். “சரி, புரிஞ்சிருச்சு” என்று வண்டியைக் கிளப்பினார். என்ன புரிந்தது என்று அவள் கத்துவதற்குள் வண்டி முக்குத் திரும்பிவிட்டது.

சங்கத்து செல்போனிலிருந்து எழில்மொழியைக் கூப்பிட்டாள். நடந்ததைக் கேட்ட எழில்மொழி, முதலில், “அக்கா, நீங்க ரொம்பச் சரியா நடந்திருக்கீங்க” என்றாள்.

“சரியா நடந்துதான கண்ணு அவன் மாத்திரைய விட்டுட்டு ஓடிட்டான்?”

 இரண்டாவது செவ்வாய்க்கு இன்னும் பத்து நாள் இருந்தது. எழில்மொழி ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே சார்ட் பேப்பர் இல்லாமல் வந்து இறங்கினாள். சங்கத்து பீரோவுக்கு முன்னால் அவளும் காத்தாயியும் ராஜாத்தியும் உட்கார்ந்தார்கள்.

“எனக்குத் தெரியலக்கா,” என்றாள் எழில்மொழி. “இதுக்கு எங்க ட்ரெயினிங்ல ஒண்ணும் இல்ல. பேசாம இருந்தா ரகசியம் காப்பாத்துனதா ஆகும்னு நான் நெனச்சுட்டேன். ஊர்ல எல்லாரும் பேசாம இருக்கறவங்களா இருந்தா ஆகும்.”

ராஜாத்தி பீரோச் சாவியைத் திருகிக்கொண்டிருந்தாள். “இவ பேசாததே தண்டோரா போட்ட மாதிரி ஆயிட்டு.”

“அந்தச் சேதி யாரோடதுக்கா? ஒங்களோடதா, நம்ம சங்கத்தோடதா?” என்று கேட்டாள் எழில்மொழி.

“அவனோடது,” என்றாள் காத்தாயி. உடனே எழுந்து நின்றாள். “அப்ப அவன்ட்டதான போய்க் கேக்கணும். இங்க குந்திக்கிட்டு என்ன பண்றோம்?”

மறுநாள் கும்பகோணம் போய் பஸ் மாறி மாயவரம். நீலப் பையை வீட்டில் வைத்துவிட்டாள். ஒரு கட்டு முருங்கைக்கீரைக்கு அடியில் மாத்திரைப் பெட்டி. வழியெல்லாம் சம்பா வயலில் தண்ணீர் தெறிக்கத் தெறிக்க மழை. ஜாபிரின் அக்கா நுஸைபா வீடு மாயூரநாதர் கோயிலுக்குப் பின்பக்கம். ஜாபிர் அவள் புருஷனின் ரீசார்ஜ் கடையில் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தான். கன்னம் ஒட்டியிருந்தது. பத்து நாளில் இருமல் பழைய இடத்துக்கு இறங்கியிருப்பதை அவள் கடைக்கு வெளியிலேயே கேட்டுவிட்டாள்.

“மூணு வேளை விட்டிருக்க,” என்றாள், பெட்டியை எடுத்து வைத்து.

“எதுக்குத் திங்கணும்? தின்னு தேறி சஹன்ல தனியா ஒக்காரவா?”

“நான் யார்கிட்டயும் ஒண்ணும் சொல்லல தம்பி. கையெழுத்துப் போட்டுட்டேன்.”

“அந்தக் கையெழுத்து எனக்குப் போட்டீங்களா, சென்னைக்குப் போட்டீங்களா?”

காத்தாயி மாத்திரை அட்டையைப் பிரித்து நீட்டினாள். 

ஜாபிர் தண்ணீர் பாட்டிலை எடுத்தான். மாத்திரை அட்டையைப் பார்த்தான். “நீங்களே சொல்லிருங்க. காசநோய்தான், அந்த வியாதி இல்லன்னு. நான் சொன்னா மூடி மறைக்கிறான்பாங்க. ஊரு நம்பறது ஒங்க வாயத்தான். சொல்றேன்னு சொல்லுங்க, முழுங்குறேன்.”

“சொல்றேன்.”

ஏழையும் விழுங்கி வாயைத் திறந்து காட்டினான்.

திரும்பி வரும்போது காத்தாயிக்கு பஸ் சீட்டில் இருப்புக்கொள்ளவில்லை. அனுமதி கிடைத்துவிட்டது. நான்கு வாரம் அடைத்துவைத்த மடை. கும்பகோணத்திலிருந்து பாபநாசம் வரை உதட்டை அசைத்து ஒத்திகை பார்த்தாள்: குழாயடியில் ஆரம்பிப்பதா, ரேஷன் கடையிலா? முதலில் ஷமாவை நறுக்கென்று நாலு கேட்டுவிட்டு, பிறகு சோதனைச் சீட்டுக்கு வருவதா? குழாயடிதான் சரி என்று இறங்கியதும் நேராக அங்கே போனாள்.

சாயங்காலத் தண்ணீர் வந்திருந்தது. ஷமா முதல் ஆளாக நின்றாள்.

“மாயவரம் போனியாமே. எப்படி இருக்கான்? ஆளு முடிஞ்சுட்டானா?” கேட்டுவிட்டு முந்தானையில் இருமினாள்.

காத்தாயி வாயைத் திறந்தாள். ‘அவனுக்கு அது இல்லடி, வெறும்…’ என்பது நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. வரிசையில் நாலாவதாக, குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு, டிரங்கிலிருக்கும் இன்னொரு மாத்திரைப் பெட்டிக்குச் சொந்தக்காரி நின்றிருந்தாள். அவள் காத்தாயியைப் பார்க்கவில்லை. குடத்தின் வாய் விளிம்பை விரலால் தேய்த்துக்கொண்டு, காதை மட்டும் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

இன்றைக்கு ஒருவனுக்கு ‘இல்லை’ என்று சொன்னால் நாளைக்கு ஷமா இவளைக் காட்டிக் கேட்பாள். அப்போது ‘தெரியாது’ என்றுதான் சொல்ல வேண்டும். அந்த வார்த்தைக்கு ஊரில் என்ன விலை என்று காத்தாயிக்கு இப்போது தெரியும்.

“மாயவரத்துல என்ன மழைங்கிற,” என்றாள் காத்தாயி. “பஸ் ஸ்டாண்டுல முழங்காலுக்குத் தண்ணி. அந்தத் தண்ணியில ஒருத்தி பட்டுப்பொடவையோட போறா. யாருங்கிற? நம்ம சாமிதுரையோட கொழுந்தியா. அவ புருஷன் அந்தமான்ல இருக்கான்னுதான நாம நெனச்சுக்கிட்டு இருக்கோம்…” அவ்வளவுதான். குழாயடி நெருங்கி நின்றது. இருபது நிமிடம். குடங்கள் நிறைந்து வழிந்தன. ஷமா வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தபிறகுதான் தான் கேட்டதற்குப் பதில் வரவில்லை என்று அவளுக்கு உறைத்தது.

வீட்டுக்கு வந்த காத்தாயி ஜாபிருக்கு போன் போட்டாள்.

“தம்பி, நான் சொல்லமாட்டேன். ஏன்னு கேக்காத, அதையும் சொல்ல முடியாது. ஒன் சேதிய நீதான் சொல்லணும்.”

“ஏமாத்திட்டீங்களேக்கா. சொல்றேன்னு சொல்லித்தான முழுங்க வச்சீங்க?”

“ஏமாத்திட்டேன். திட்டு. திட்டிட்டு புதன்கிழமை பன்னெண்டு மணிக்கு வா. ராஜகிரி மாமாவையும் வரச் சொல்றேன். நான் பக்கத்துல நிக்கிறேன், வாயத் தொறக்கமாட்டேன்.”

அவன் போனை வைத்துவிட்டான். செவ்வாய் முழுக்க அவள் தெருவுக்கும் வீட்டுக்குமாக அலைந்தாள். புதன்கிழமை பத்து மணிக்கே மீரா உசேன் வந்து ஷம்சாத் வீட்டு முன்னறையில் தொப்பியைத் தடவிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பன்னிரண்டாயிற்று. பன்னிரண்டரையாயிற்று. அவர் இரண்டு தடவை எழுந்தார். இரண்டு தடவையும் காத்தாயி வாசலை அடைத்துக்கொண்டு, ராஜகிரியில் முருங்கை என்ன விலை என்று விசாரித்தாள். மணி ஒன்றாகும்போது கும்பகோணம் பஸ்ஸிலிருந்து இறங்கி நடந்து வந்தான் ஜாபிர்.

அவன் யாரையும் பார்க்கவில்லை. காத்தாயியிடம் கையை நீட்டினான். ஏழு மாத்திரையை வாங்கி, மீரா உசேனுக்கு நேர் எதிரில் நின்று ஒவ்வொன்றாக விழுங்கினான். பிறகு பர்ஸைத் திறந்து மடிப்பில் கிழியத் தொடங்கியிருந்த இரண்டு சீட்டையும் அவர் முன்னால் வைத்தான்.

“காசநோய் மாமா. ஒரு சீட்டு அது. இன்னொரு சீட்டையும் நான்தான் காட்டுறேன், நீங்க கேட்டதால இல்ல. இன்னும் அஞ்சு மாசம் மாத்திரை இருக்கு. பொண்ணு வாணாம்னாலும் நான் தின்னு முடிப்பேன்.”

மீரா உசேன் கண்ணாடியைப் போட்டு இரண்டையும் படித்தார். திருப்பிப் போட்டு, ஒன்றும் எழுதாத பின்பக்கத்தையும் படித்தார். “இத அன்னிக்கே இந்த அம்மா ஒரு வார்த்தை சொல்லியிருந்தா…” என்று காத்தாயியைப் பார்த்தார். அவள் கூரை ஓடுகளை எண்ணிக்கொண்டிருந்தாள். “சரி. தைக்கு முடியாது. பொண்ணக் கேட்டுச் சொல்றேன்” என்று எழுந்தார். ஷம்சாத் கொடுத்த டீயை நின்றுகொண்டேதான் குடித்தார். ஆனாலும் குடித்தார்.

அதற்குப் பிறகு நீலப் பை பீரோவுக்கு மேல் ஏறிவிட்டது. திங்கள், புதன், வெள்ளியில் காத்தாயி காலையிலும் பகலிலுமாகக் கூடையோடு நான்கு தெருவிலும் எல்லா வீட்டுக்குள்ளும் நுழைந்து, வாசலோடு விடாமல் அடுப்படி வரைக்கும் போய், இருமல் உண்டா, காய்ச்சல் உண்டா, எடை குறைகிறதா என்று கேட்டு, ஒவ்வொரு வீட்டிலும் பத்து நிமிடம் உட்கார்ந்து எழுந்தாள். எந்த வீட்டில் கீரை இறங்கியது, எந்த வீட்டில் மாத்திரை இறங்கியது என்று ஊருக்குப் பிடிபடவில்லை. அடுத்த இரண்டாவது செவ்வாய்க்கிழமை எழில்மொழி அதைச் சென்னை அறிக்கையில் எழுத வேண்டும், இந்த முறைக்கு என்ன பேர் வைக்கலாம் என்று கேட்டாள்.

“பேரா? கீரை விக்கிறதுன்னு போடு.”

எழில்மொழி அப்படியே எழுதிக்கொண்டாள்.

மார்கழியில் ஒரு வெள்ளிக்கிழமை, பன்னிரண்டாகப் பத்து நிமிடம். ஷமா வீட்டு அடுப்படியில் காத்தாயி மணத்தக்காளியை எடுத்து வைத்தாள்.

“ஆயிஷா சம்மதிச்சிட்டாளாமா? அவங்க மாமா ஒண்ணும் சொல்லலியாமே?” என்று ஆரம்பித்த ஷமா, இருமி, முடிக்க முடியாமல் சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

காத்தாயி அந்த இருமலைக் கேட்டாள். குழாயடியிலிருந்தே கேட்டுக்கொண்டிருக்கிற இருமல்தான். சொந்தக் கோபத்தில் காதைப் பொத்திக்கொண்டிருந்தாள். கூடைக்கு அடியிலிருந்து சளி எடுக்கும் டப்பா ஒன்றை எடுத்து மிளகாய் டப்பாவுக்குப் பக்கத்தில் வைத்தாள்.

“விடியக்காலம் எழுந்திரிச்சதும் நல்லா ஆழத்துலேருந்து இருமி இதுல துப்பி வையி. நாளைக்கு வந்து எடுத்துக்கறேன்.”

ஷமா டப்பாவைப் பார்த்தாள். வாசற்பக்கம் எட்டிப் பார்த்தாள். குரல் இறங்கிவிட்டது.

“காத்தாயி… ஒரு ஈ காக்காய்க்கும்…”

காத்தாயி கூடையைத் தலையில் ஏற்றினாள். உள்ளுக்குள் என்னவோ துருதுருவென்று குடைந்தது. அதை அப்படியே குடையவிட்டு, அந்தமான்காரன் பெண்டாட்டியைப் பற்றி இரண்டு வரி சத்தமாகச் சொல்லிக்கொண்டே வெளியே வந்து, எதிரே ஷம்சாத் வீட்டுப் படியேறினாள். ஜாபிர் தண்ணீர்ச் சொம்போடு நின்றிருந்தான்.

“ஏழு நிமிசம் லேட்டு,” என்றான்.